சைட்டராபினின் பூர்விகம்

கடலிலிருந்து வந்த மருந்துகளைப் பற்றிய நூல்களில் தவறாமல் எதிர்ப்படும் ஒரு தகவல் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் சைட்டராபின், கரீபியன் பகுதிக் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதாம். ஆதாரம் தேடி அடிக்குறிப்புக்குப் போனால் அங்கே இன்னொரு நூல்; அதன் அடிக்குறிப்பில் ஒரு மதிப்புரைக் கட்டுரை. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதிய செய்தி என்ற சந்தேகம் வலுத்தபோது, இடையில் இருந்தவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு மூலக் கட்டுரைகளைத் தேடிப் போனேன்.

தடம் 1950இல் போய் நிற்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் பெர்க்மானும் ராபர்ட் ஃபீனியும் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் எழுதிய சிறு குறிப்பு அது. பெர்க்மான் மருந்து தேடியவர் அல்ல. கடல் உயிர்களின் ஸ்டீரால்களில் ஆர்வம் கொண்ட வேதியியலாளர். ஃபுளோரிடாவின் எலியட் கீ தீவருகே ஆழமில்லாத நீரில் கிடைத்த பஞ்சை உலர்த்தி, கொதிக்கும் அசிட்டோனில் சாறு இறக்கினார்கள். கொழுப்பை எதிர்பார்த்த இடத்தில் படிகங்கள் வந்து படிந்தன. ஆராய்ந்தால், டி.என்.ஏ.வில் இருக்கும் தைமின் என்ற காரம் ஒரு சர்க்கரையோடு பிணைந்திருந்தது. அது எந்தச் சர்க்கரை என்பதைக் கட்டுரைத் தலைப்பு சொல்லவில்லை. ஐந்து கரிம அணுக்கள் கொண்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

அந்தப் பஞ்சுக்கே அப்போதுதான் பெயர் கிடைத்திருந்தது. பஹாமாஸின் பஞ்சுகளைப் பட்டியலிட்ட டெ லாபன்ஃபெல்ஸ் 1949இல் கிரிப்டோடெதியா கிரிப்டா என்று பெயரிட்டார். பின்னாளில் வகைப்பாட்டாளர்கள் அதை டெக்டிடெதியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்குக் கதையின் பாதிதான் கிடைக்கும். இந்தத் துறையில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் இப்படிப்பட்ட பெயர்மாற்றங்களே.

சர்க்கரை எது என்பதற்கு விடை 1955இல் வருகிறது. பெர்க்மானும் பர்க்கும் எழுதிய கட்டுரையில் அது அரபினோஸ் என்று நிறுவப்படுகிறது. இப்படிக் காரமும் சர்க்கரையும் பிணைந்த மூலக்கூறுகளுக்கு நியூக்ளியோசைடு என்று பெயர். அதுவரை இயற்கையின் நியூக்ளியோசைடுகளில் பரவலாகத் தெரிந்திருந்த சர்க்கரைகள் ரைபோசும் டீஆக்சிரைபோசும்தான். அரபினோஸ் ரைபோசின் இரட்டைப்பிறவி போன்றது. இரண்டாம் கரிமத்தில் உள்ள ஹைட்ராக்சில் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அந்தச் சிறு திருப்பம் போதும். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி அதை உண்மையான கண்ணி என்று நம்பிக் கோத்துவிட்டு, மேற்கொண்டு கோக்க முடியாமல் திணறுகிறது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு இது பேரிடி.

இப்போது பட்டியலைச் சரிபார்ப்போம். பெர்க்மான் குழு அந்தப் பஞ்சில் கண்டவை ஸ்பாங்கோதைமிடின், ஸ்பாங்கோயூரிடின், ஸ்பாங்கோசின் ஆகிய மூன்று. முதலிரண்டும் அரபினோஸ் கொண்டவை. மூன்றாவது சாதாரண ரைபோஸ் கொண்டது. சைட்டராபினில் இருக்க வேண்டியது சைட்டோசின் என்ற காரம். அது இந்த மூன்றில் எதிலும் இல்லை!

அப்படியானால் சைட்டராபின் எங்கே பிறந்தது? 1959இல், கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஆய்வுக்கூட மேசையில். வால்விக், ராபர்ட்ஸ், டெக்கர் மூவரும் லண்டன் இதழ் ஒன்றில் வெளியிட்ட சிறு கட்டுரையின் தலைப்பில் பஞ்சும் இல்லை, புற்றுநோயும் இல்லை. சைட்டோசினும் ரைபோசும் பிணைந்த சைட்டிடினைப் பாலிபாஸ்பாரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் சர்க்கரைக்கும் காரத்துக்கும் நடுவே ஒரு பாலம் உருவாகிறது என்பதுதான் அதன் செய்தி. அந்தப் பாலத்தை உடைத்தால் ஹைட்ராக்சில் திரும்பிய நிலையில் கிடைக்கும், அதுவே சைட்டராபின். 1961இல் அப்ஜான் நிறுவனத்தார் எலிகளின் கட்டிகளில் அதன் வீரியத்தைக் காட்டினார்கள். 1969இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடம்புக்குள் போன சைட்டராபினை ஒரு நொதி சீக்கிரமே செயலற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. அந்தச் செயலற்ற பொருள் வேறெதுவும் அல்ல, பெர்க்மான் கண்ட அதே ஸ்பாங்கோயூரிடின். மருத்துவமனையில் சைட்டராபினை நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதற்கு இந்த மாற்றமே முக்கியக் காரணம்.

அரபினோஸ் கொண்ட இன்னொரு மருந்தான விடாரபினின் வரலாறு இன்னும் தலைகீழ். 1960இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் புற்றுநோய் மருந்தாகுமா என்று பார்க்கவே அதைச் செய்தார்கள். அது வைரசை அடக்கும் என்று 1964இல் பிரான்சில் தெரிந்தது. பிறகு மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா அதைத் தானாகவே உண்டாக்குவது கண்டறியப்பட்டது. கடலில், அதுவும் பஞ்சில் இல்லாமல் ஒரு விசிறிப் பவளத்தில், அதைக் கண்டது 1984இல்தான். எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி.யையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துப் பஞ்சுக்கு வாரிசாக்குகிறார்கள். 1964இல் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோயை மனத்தில் வைத்து உருவாக்கிய அந்த மூலக்கூறில் அரபினோசே கிடையாது.

ஆக, பஞ்சின் பங்கு வெறும் புனைவா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அரபினோஸ் கொண்ட நியூக்ளியோசைடு உயிருக்குள் இருக்க முடியும் என்று காட்டியது அதுதான். அந்தச் செய்தி இல்லாமல் இருந்திருந்தால், இவற்றைச் செல்களில் சோதிக்கும் எண்ணம் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

ஆனால் பஞ்சுக்கு அந்தப் பாராட்டு முழுமையாகச் சேருமா என்பது வேறு வழக்கு. சில கடற்பஞ்சுகளின் திசுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாக்கள்தான். 1950இல் பஞ்சை முழுசாக உலர்த்திக் கொதிக்கவைத்தபோது அதில் குடியிருந்தவையும் சேர்ந்தே வெந்தன. அந்தச் சாற்றை வைத்து யாருடைய கைவேலை என்று பிரிக்கவே முடியாது. தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்ற பஞ்சில் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். 1996இல் பியூலி, ஃபாக்னர் குழுவினர் பலாவ் தீவுகளில் எடுத்த பஞ்சின் செல்களை வகைவகையாகப் பிரித்தார்கள். அதுவரை சந்தேகம் சயனோபாக்டீரியாக்கள் மேல் இருந்தது. அவற்றில் ஒன்றும் இல்லை. அந்தப் பஞ்சின் ஸ்வின்ஹோலைடு என்ற சேர்மம் வேறு ஒற்றைச்செல் பாக்டீரியாக்களிலும், ஒரு பெப்டைடு இழைபோன்ற பாக்டீரியாக்களிலும் இருந்தன. 2014இல் யோர்ன் பீல் குழு ஜப்பானியத் தியோனெல்லாவில் என்டோதியோனெல்லா என்ற பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படித்து, அந்தப் பஞ்சின் பெயரில் வழங்கிய சேர்மங்களில் ஏறக்குறைய அனைத்துக்கும் அதுவே பட்டறை என்று காட்டியது.

நம் பஞ்சுக்கும் 2015இல் ஒரு சாட்சி கிடைத்தது. ஜெர்விக் குழுவினர் டெக்டிடெதியாவிலிருந்து பிரித்தெடுத்த வைப்ரியோ ஹார்வேயி பாக்டீரியா ஒன்று ஸ்பாங்கோசினை உற்பத்தி செய்தது. இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பெயர் வயிற்றைக் கலக்கும். இருட்டில் ஒளிர்ந்தபடி தொட்டி தொட்டியாகக் குஞ்சுகளைக் கொல்லும் நோய்க்குக் காரணம் இதே இனம். ஆனால் இந்தச் சாட்சியத்துக்கு எல்லை உண்டு. அந்தப் பாக்டீரியா செய்து காட்டிய ஸ்பாங்கோசினில் இருப்பது சாதாரண ரைபோஸ். அரபினோசைடுகளை யார் செய்கிறார்கள் என்பதற்கு இந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்ட முடியாது.