வால்மீனும் ஒரு பழைய வாதமும்

கலிலேயோ என்றதும் திருச்சபை தலைகுனிய நேர்ந்த 1633ஆம் ஆண்டின் வழக்கே நம் நினைவுக்கு வருகிறது. அது நியாயமே. ஆயினும் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எழுந்த மற்றொரு வாதத்தை நாம் மறந்துவிட்டோம்.

1618இல் மூன்று வால்மீன்கள் அடுத்தடுத்துத் தோன்றின. நவம்பரில் எழுந்த மூன்றாவதே பெரியது. உரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த இயேசு சபைக் குரு ஒராசியோ கிராசி, பல நகரங்களில் எடுக்கப்பட்ட குறிப்புகளை ஒப்புநோக்கினார். வால்மீன் அண்மையில் இருந்தால், விண்மீன்களுக்கிடையே அதன் இடம் ஊருக்கு ஊர் மாறித் தெரிய வேண்டும். அவ்வாறு தெரியவில்லை. எனவே அது நிலவுக்கும் அப்பாலுள்ள பொருள் என்றார்.

கலிலேயோ அப்போது நோயுற்றிருந்தார். வால்மீனைச் சரிவரக் காணவில்லை. அது பொருள்தானா, மேலெழுந்த ஆவியில் கதிரொளி காட்டும் தோற்றமா என்பதே அவர் வினா. வெறும் தோற்றமாயின், வானவில்லுக்குப் போலவே அதற்கும் தொலைவு கணிக்க இயலாதே! 1623இல் வெளியான ‘இல் சாஜ்ஜாதோரே’ என்னும் நூலில் அவர் கிராசியை எள்ளி நகையாடினார். திருத்தந்தை எட்டாம் உர்பானுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல் அது! நடையில் வென்றவர் கலிலேயோ. வால்மீனின் இருப்பிடத்தைச் சரியாகச் சொன்னவர் கிராசி. இதைக் கொண்டு நாம் பெருமை பேசுவதற்கில்லை. பூமி அசையாதது என்றே கிராசியும் வாதிட்டார்.

வால்மீனின் உட்கரு பனியும் தூசும் உறைந்த கட்டி என 1950இல் ஃபிரெட் விப்பிள் விளக்கினார். 1986 மார்ச்சில் ‘ஜியோட்டோ’ விண்கலம் ஹாலி வால்மீனின் கருவை ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில் கடந்து படமெடுத்தது. பெத்லகேம் விண்மீனை வால்மீனாகத் தீட்டிய ஓவியரின் பெயர் அக்கலத்துக்குச் சூட்டப்பட்டிருந்தது. அது கண்ட கரு 15 கி.மீ. நீளமே, கரியினும் கருமையானது. கதிரவனை நெருங்குகையில் அதன் பனி உருகாமலேயே ஆவியாகித் தூசையும் இழுத்துக்கொண்டு பீறிடுகிறது. கருவைச் சூழ்ந்து பல்லாயிரம் கி.மீ. பரவும் அந்த மூட்டமே நாம் தலையெனக் காண்பது.

வால்கள் இரண்டு. கதிரவனிலிருந்து வீசும் மின்துகள்கள் உந்த, நீலநிற வாயு வால் நேராக நீள்கிறது. கதிரொளியின் அழுத்தத்தால் தூசு வால் சற்றே வளைகிறது. இரண்டும் கதிரவனுக்கு எதிர்ப்புறமே நீள்வதால், திரும்பிச் செல்லும் வால்மீனுக்கு வாலே முன்செல்லும்! வால் கதிரவனுக்கு எதிர்ப்புறம் நீள்வதை 1531லேயே அப்பியான் குறித்துவைத்தார்.

தூசு வாலுக்குத் தன்னொளி இல்லை. கதிரொளியைச் சிதறடித்தே அது மிளிர்கிறது. அந்த அளவில் கலிலேயோ சொன்னதும் முற்றும் பிழையன்று.