விமானக் கேபின் பணியாளர் பயிற்சி

பயணிகள் விமானங்களில் பணியாற்றும் பணிப்பெண்களுக்கும் ஆண் பணியாளர்களுக்கும் அளிக்கப்படும் தொழிற்பயிற்சி. உணவு பரிமாறுவதே பயணிகள் கண்ணில் அதிகம் படுகிறது. ஆனால் இப்பயிற்சியின் மையம் உயிர்காப்பு.

வரலாறு: 1930 மே 15 அன்று அமெரிக்காவின் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவன விமானத்தில் பணியேற்ற எல்லன் சர்ச், உலகின் முதல் விமானப் பணிப்பெண். இவர் செவிலியர், தொடக்கக் காலத்தில் செவிலியர்களையே அந்நிறுவனம் தேர்ந்தெடுத்தது.

பாடங்கள்: மாதிரிக் கேபினில் அவசரக் கதவைத் திறத்தல், சறுக்குப் பாதையை விரித்தல், தீயணைத்தல், புகை சூழ்ந்த அறையில் செயல்படுதல், உயிர்காப்புப் படகில் ஏற்றுதல், முதலுதவி, நெஞ்சை அழுத்தி இதயத்தை மீட்டல் ஆகியன முக்கியமானவை. புதிய விமான வகைக்குச் சான்றளிக்கும்போது, பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி அனைவரையும் 90 விநாடிகளில் வெளியேற்றிக் காட்ட வேண்டும். எனவே உரத்த, சுருக்கமான கட்டளைகள் திரும்பத் திரும்பப் பழக்கப்படுகின்றன.

குழுச் செயல்பாடு: 1989இல் கனடாவின் டிரைடனில் புறப்பட்ட விமானம் இறக்கையில் படிந்த பனியால் விழுந்து 24 பேர் இறந்தனர். கேபினில் பனியைக் கண்டவர்கள் இருந்தும் விமானிக்குத் தகவல் சேரவில்லை. விமானியும் கேபின் பணியாளரும் தயக்கமின்றிப் பேசிக்கொள்ளும் பயிற்சி வலுப்பெற இவ்விபத்தும் காரணமாயிற்று.

புதுப்பிப்பு: பணியில் சேர்ந்த பின்னும் குறித்த கால இடைவெளியில் மறுபயிற்சியும் தேர்வும் கட்டாயம். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இவற்றை ஒழுங்குபடுத்துகிறது.

பயன்: 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா ஓடுபாதையில் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். அறிவிப்புக் கருவி செயலிழந்த நிலையில் பணியாளர்கள் ஒலிபெருக்கிக் குழாய்களாலும் தம் குரலாலும் வழிநடத்தினர்.