எண்ணச் சுழற்சி நோய்

எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்பது வேண்டாத எண்ணமோ காட்சியோ உந்துதலோ திரும்பத் திரும்ப மனத்தில் புகுந்து வாட்டுவதும், அந்த வாட்டத்தைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்ய நேர்வதுமான மனநோய். முன்னதைப் பீடிப்பு எண்ணம் என்றும் பின்னதைக் கட்டாயச் செயல் என்றும் கூறுவர். கை கழுவுதல், பூட்டையும் கேஸ் அடுப்பையும் சரிபார்த்தல், பொருள்களை நேர்படுத்துதல் ஆகியவை வெளியே தெரிபவை. மனத்துக்குள் ஒரு சொல்லை உருப்போடுவதும், நடந்ததை ஓட்டிப் பார்ப்பதும் கட்டாயச் செயல்களே. இவை பிறர் கண்ணில் படாததால் நோய் பல ஆண்டுகள் அறியப்படாமலே போவதுண்டு. தெய்வத்தை இழிவாக எண்ணிவிட்டோமோ, பெற்ற குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற அச்சங்கள் மிகக் கொடியவை. இவ்வாறு அஞ்சுவோர் அத்தீங்கை விரும்புபவர்கள் அல்லர். அதை எல்லாரினும் மிகுதியாக வெறுப்பவர்கள்.

இந்நோயைப் பற்றிய பழைய குறிப்புகள் பல சமய உரைகளில் உள்ளன. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நார்விச் ஆயர் ஜான் மூர், வழிபாட்டு வேளையில் தெய்வ நிந்தனை எண்ணங்களால் அலைக்கழிக்கப்படும் பக்தர்களைப் பற்றிப் பேசினார். எண்ணங்களோடு போராடப் போராட அவை பெருகும் என்று அவர் கண்டது இன்றைய சிகிச்சைக்கும் அடிப்படையான உண்மை. மருத்துவத்தில் முதல் விரிவான பதிவு பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. அதில் வரும் பெண், அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது அவருடைய பொருள் ஏதேனும் தன் மேலாடைப் பையில் வந்துவிட்டதோ என்று 18 வயதில் அஞ்சத் தொடங்கினார். பின்னர் கணக்கில் பிழை நேருமோ என்றும், காசைத் தொட்டால் விலையுள்ள ஏதாவது விரலில் ஒட்டிக்கொள்ளுமோ என்றும் அச்சம் வளர்ந்தது. தம் அச்சம் பொருளற்றது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் எஸ்கிரோல் இதை அறிவு கலங்காத பித்து என்று வகுத்தார்.

பிரெஞ்சு மருத்துவர் லெக்ராண் து சோல் 1875இல் இதை ஐயப் பித்து என்றார். ஜெர்மானியரான வெஸ்ட்பால் 1877இல், அறிவு குன்றாதவரிடத்தும் அவர் விருப்பத்துக்கு மாறாக எழும் எண்ணம் என வரையறுத்தார். இன்றைய வரையறை இதனின்று அதிகம் விலகவில்லை. பியர் ஜானே 1903இல் உளச் சோர்வைக் காரணமாக்கினார். சிக்மண்ட் பிராய்டு 1909இல் ஓர் இளைஞரின் வரலாற்றை எழுதி, அடக்கிய ஆசைகளில் மூலத்தைத் தேடினார். பிராய்டின் விளக்கம் நெடுங்காலம் கோலோச்சியது. ஆனால் நோயாளிகளின் துன்பம் அதனால் குறையவில்லை.

திருப்பம் 1966இல் வந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர், நோயாளிகளை அவர்கள் அஞ்சும் பொருளைத் தொடச்செய்து, அதன்பின் கழுவவிடாமல் செவிலியரைக் கொண்டு தடுத்தார். கழுவாமலே பதற்றம் தணிவதை நோயாளிகள் தாமே கண்டனர். கட்டாயச் செயல் தரும் நிம்மதிதான் அச்சத்துக்குத் தீனி என்பது இதனால் தெளிவானது. 1978இல் உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையரான பத்மால் டி சில்வாவும், நோயற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கும் இதே போன்ற எண்ணங்கள் வருவதைக் காட்டினர். ஆகவே நோய் எண்ணத்தில் இல்லை; எண்ணத்துக்குக் கொடுக்கும் பொருளிலும் அதற்கு ஆற்றும் வினையிலும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இதைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி வகையாக்கியது.

எதிர்கொண்டு தடுத்தல் எனும் மேயரின் முறையே இன்றும் முதன்மைச் சிகிச்சை. இப்போது வற்புறுத்தல் கிடையாது. சிகிச்சையாளரும் நோயாளியும் அச்சங்களை வரிசைப்படுத்தி, எளியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவர். மருந்துகளில் 1960களில் பயனறியப்பட்ட குளோமிப்ரமின் முன்னோடி. ஃபுளூயாக்சிடின், ஃபுளுவாக்சமின், செர்ட்ராலின் போன்றவை பின்னர் வந்தவை. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவும், பலன் தெரிய 8 முதல் 12 வாரமும் தேவைப்படலாம். இரண்டாம் வாரத்தில் பலனில்லை என்று மருந்தை நிறுத்திவிடுவது பெரும் இழப்பு. மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவதும் தீங்கு.

குடும்பத்தின் பங்கு பெரிது. "பூட்டியாச்சும்மா, நான் பார்த்தேன்" என்று நாளெல்லாம் சொல்லி ஆறுதல் தருவதும், நோயாளி கேட்கும் போதெல்லாம் கதவுப்பிடியைத் துடைத்துக் கொடுப்பதும் அன்பால் செய்பவையே. ஆயினும் அவை கட்டாயச் செயலில் பங்கேற்பதாகி நோயை நிலைநிறுத்துகின்றன. இவற்றைச் சிகிச்சையாளரின் துணையோடு சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். ஓயாத கழுவலை ஆசாரம், மடி என்று போற்றும் வீடுகளில் நோய் மதிப்புக்குரிய பழக்கமாகவே கருதப்பட்டுவிடுவதால் சிகிச்சை தாமதமாகிறது. திட்டுவதாலும் சவால் விடுவதாலும் எந்தக் கட்டாயச் செயலும் நின்றதில்லை.

இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம்.