கிராமத்து வண்டிக்கு ஃபியூஸ் வந்த கதை

எங்க திண்டுக்கல் சீமையில மோட்டார் சைக்கிளும் ஒரு விவசாயக் கருவிதான். விடியுமுன்னே நிலக்கோட்டைக்குப் பூ போகணும், ஒட்டன்சத்திரத்துக்குக் காய் போகணும். வழியில வண்டி நின்னா அன்னைக்கு விலை போச்சு. இப்போ வண்டி நின்னா, பல நேரம் காரணம் விரல் நகம் அளவுள்ள ஃபியூஸ்தான்.

ஃபியூஸ் புதுசு இல்ல. 1880லயே எடிசன் அதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாரு. கண்மாய்க் கரையைக் கலிங்கு காப்பாத்துற மாதிரி, கரண்ட் மிஞ்சினா தான் உருகி வயரைக் காப்பாத்தும்.

ஆனா 1980ல ஓசூர்ல இருந்து வந்த டி.வி.எஸ். 50 ஓட அது தேவைப்படல. மிதிச்சா மேக்னெட் சுத்தும், அதுலயே கரண்ட் பிறந்து பிளக்குக்குப் போகும். அப்புறம் வந்த பல வண்டிகளும் பேட்டரி செத்தாலும் ஓடுச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 விதி வந்ததும் கதை மாறிப்போச்சு. பெட்ரோலை அளந்து விட குட்டி கம்ப்யூட்டர், தள்ளிவிட பம்ப். ரெண்டுக்கும் கரண்ட் வேணும். மெயின் ஃபியூஸ் போனா எத்தனை உதைச்சாலும் கிளம்பாது.

வண்டி மாறியும் நம்ம கை மாறல. வீட்டுப் பீங்கான் கட்டையில கிடைச்ச செம்புக் கம்பியைச் சுத்தின பழக்கத்துல, வண்டியிலயும் சிகரெட் வெள்ளித்தாளை மடிச்சுச் சொருகுறாங்க. வண்டி கிளம்பிரும். ஆனா அடுத்து உருகப்போறது வயரு, அதுக்குப் பக்கத்துலயே பெட்ரோல் டேங்க்.

சரியான வழி லேசுதான். சாவியை அணைச்சுட்டு ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்க. உள்கம்பி அறுந்திருந்தா, அதே ஆம்பியர்ல வேற போடுங்க. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. அதுவும் உடனே போச்சுன்னா எங்கேயோ வயர் உரசுது. ஹேண்டில் திரும்புற இடத்துல முதல்ல தேடுங்க.

கம்பி நல்லா இருந்தும் வண்டி விட்டு விட்டு நின்னா, கோளாறு ஃபியூஸ் உக்கார்ற சாக்கெட்ல. மழையும் உர மூட்டை ஈரமும் பட்டுப் பச்சை பூத்திருக்கும். பிடி தளர்ந்தா அந்த இடம் சூடேறும், பிளாஸ்டிக் இளகும். கரண்ட் மிஞ்சாததால ஃபியூஸ் போகாது, அதான் யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. பச்சையா இருந்தா உப்புத்தாள்ல லேசாத் தேய்ங்க. உருகியிருந்தா சாக்கெட்டையே மாத்துங்க.

நிறைய வண்டியில ஃபியூஸ் பெட்டிக்குள்ளயே உதிரி ஒண்ணு இருக்கும். உங்க வண்டியில இருக்கான்னு இன்னைக்கே பாத்து வைங்க.