பழைய மடிக்கணினியில் எஸ்.எஸ்.டி. பொருத்துதல்

பழைய மடிக்கணினியிலுள்ள சுழலும் வன்தட்டை (ஹாட் டிஸ்க்) கழற்றிவிட்டு, அசையும் பாகம் எதுவும் இல்லாத திண்மநிலைச் சேமிப்பகத்தை அதே இடத்தில் மாட்டுவதே எஸ்.எஸ்.டி. பொருத்துதல். பத்து வருடங்களுக்கு முன் விற்பனையான மடிக்கணினிகளில் பெரும்பாலானவை வன்தட்டுடன் வந்தவை. திறந்து கால் மணி நேரம் காத்திருக்க வைக்கும் அந்தக் கணினிகளை மீண்டும் வேலைக்கு எடுக்க, இதைவிடப் பலன் தரும் திருத்தம் வேறில்லை.

இந்தத் திருத்தத்துக்கான பாகம் எல்லா ஊரிலும் கிடைக்காது. நம் பகுதியிலுள்ள பனிச்சங்கேணி, மட்டக்களப்பு–திருகோணமலை ஏ-15 வீதியில், வாழைச்சேனைக்கு வடக்கே வாகரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கணினி உதிரிப்பாகம் வேண்டுமென்றால் வாழைச்சேனைக்கோ மட்டக்களப்பு நகருக்கோதான் போகவேண்டும். ஆகவே எதை வாங்குவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு பஸ் ஏறுவது நல்லது. தவறான வகையை வாங்கி வந்தால் ஒரு நாளும் பயணக் காசும் வீண்.

இலங்கையில் இந்தத் திருத்தத்துக்குத் தனி முக்கியத்துவம் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்பு திரைக்குள் போனது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் பொருளான புதிய மடிக்கணினியின் விலையும் அதோடு ஏறி, சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போயிற்று. தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுக்கும் சாதாரண தர, உயர்தர மாணவருக்கும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கும் அண்ணனோ அக்காவோ பாவித்த பழைய கணினிதான் மிச்சம்.

வேகம் எங்கிருந்து வருகிறது

மடிக்கணினி வன்தட்டுகளில் பல, நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன் ஆகும். தேவையான தரவு, அதை வாசிக்கும் ஊசியின் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் 12 மில்லிசெக்கன் அளவில் போகும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் செக்கனுக்கு அறுபதைக்கூட அதனால் எடுக்க முடியாது. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கில் வாசிப்பவை இப்படிப்பட்ட சிறு துண்டுகள்தான். சிதறிய 10,000 துண்டுகளுக்கு வன்தட்டு ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுக்கும். துண்டுக்கு 0.1 மில்லிசெக்கன் அளவில் எடுக்கும் எஸ்.எஸ்.டி. அதையே ஒரு செக்கனில் முடித்துவிடும்.

கடைகளில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘செக்கனுக்கு 550 மெகாபைட்’ என்ற எண்ணைப் பார்த்துப் பலர் தடுமாறுகிறார்கள். 2009, 2010 காலத்துக் கணினியில் சேமிப்பகத்தை இணைக்கும் சாட்டா-2 இணைப்பில் அதில் பாதிதான் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கணினி சுறுசுறுப்பாவது காத்திருப்பு நேரம் குறைவதால்தான். அந்தக் குறைவு சாட்டா-2 கணினியிலும் அப்படியே கிடைக்கிறது. ஆகவே பழைய கணினிக்கு அதிக விலையுள்ள வேகமான எஸ்.எஸ்.டி. தேவையே இல்லை.

எஸ்.எஸ்.டி.யின் அடிப்படையான நான்ட் ஃபிளாஷ் நினைவகத்தை 1987இல் அறிமுகப்படுத்தியவர் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா. 1991இல் சன்டிஸ்க் நிறுவனம் வெளியிட்ட 20 மெகாபைட் எஸ்.எஸ்.டி.யின் விலை ஏறத்தாழ 1,000 டொலர். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான சஞ்சய் மெஹ்ரோத்ரா இந்தியாவின் கான்பூரில் பிறந்தவர்.

எதை வாங்குவது

வன்தட்டுடன் வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும். தடிப்பில் ஒரு சிறு விடயம்: பழைய வன்தட்டு 9.5 மில்லிமீற்றர், எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீற்றர். இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருந்தால் அது ஆடாமல் நிற்கும்.

மெல்லிய கணினிகளில் சூயிங்கம் துண்டின் வடிவில் எம்.2 பலகை இருக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே வடிவத்தில் சாட்டா வகையும் என்.வி.எம்.இ. வகையும் விற்கப்படுகின்றன. சாட்டா மட்டும் ஏற்கும் பொருத்தியில் என்.வி.எம்.இ. வேலை செய்யாது. கணினியின் மாதிரி எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரில் பார்த்து எழுதிக்கொண்டு போகவேண்டும். முடிந்தால் கணினியையே கடைக்குக் கொண்டு போவது இன்னும் நல்லது.

படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் 240 ஜிகாபைட் போதும். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். கிங்ஸ்டன் ஏ400 போன்ற மலிவான 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.க்கே 80 டெராபைட் எழுதலாம் என்று உற்பத்தியாளர் கணக்கு கொடுத்திருக்கிறார். நாளுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும் பத்து வருடத்துக்கு மேல் வரும். பெயர் தெரியாத, நம்ப முடியாத விலையில் ‘2 டெராபைட்’ என்று விற்கும் பொருளைத் தொடவே வேண்டாம். பில்லும் உத்தரவாத அட்டையும் கையில் இருக்கட்டும்.

முதல் வேலை: பிரதி

திருப்புளியை எடுக்குமுன் தரவை வெளியே எடுக்கவேண்டும். வாகரைக் கரையில் 2004 சுனாமியிலும் பின்வந்த போர் இடம்பெயர்விலும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் என்று எல்லாவற்றையும் இழந்த வீடுகள் உண்டு. எஞ்சியதும் பிறகு சேர்ந்ததும் இன்று பெரும்பாலும் இப்படியொரு பழைய வன்தட்டில் கிடக்கின்றன. ஒரே இடத்தில் இருக்கும் படத்தை இருப்பதாகவே எண்ணக்கூடாது.

வன்தட்டின் நலத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தாலோ, பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தாலோ முழுத் தட்டையும் அப்படியே நகலெடுக்க முயலக்கூடாது. முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் எடுக்கவேண்டும். தட்டு நலமாக இருந்தால் குளோன்சில்லா என்ற மென்பொருள் கொண்டு நகலெடுக்கலாம். ஆனால் பல வருடக் குப்பை சேர்ந்த கணினிக்குப் புதிதாக இயங்குதளம் நிறுவுவதே சிறந்தது. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் தாய்ப்பலகையோடு இணைந்திருப்பதால் தட்டை மாற்றுவதால் அது போகாது.

நம் பகுதியில் பலர் மறப்பது எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களும் வினாத்தாள்களும், அந்த எழுத்துரு இல்லாத புதிய நிறுவலில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும் சேர்த்து எடுத்துவைக்கவேண்டும்.

பொருத்துதல்

மின்னிணைப்பையும் கழற்றக்கூடிய பட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்தி மிச்ச மின்னை இறக்கவேண்டும். பட்டரி உள்ளே பூட்டப்பட்டிருந்தால், மூடியைத் திறந்ததும் முதலில் அதன் இணைப்பைக் கழற்றவேண்டும். நட்சத்திர முனைத் திருப்புளியால் மூடியைத் திறந்து, வன்தட்டை இணைப்பிலிருந்து பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். வன்தட்டு மாட்டியிருந்த சட்டத்தை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றித் திரும்பத் தள்ளவேண்டும். திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். எது எங்கிருந்து வந்ததென்று தாளில் குறித்துக்கொள்வது நல்லது. உப்புக்காற்று படும் ஊர்களில் இணைப்பு முனைகளில் பச்சைப் படிவு தெரிகிறதா என்றும் பார்த்துவிடவேண்டும். இயங்குதளம் நிறுவுமுன், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் சேமிப்பகத்துக்கு ஏ.எச்.சி.ஐ. முறை தெரிவாகியிருக்கவேண்டும்.

கழற்றிய வன்தட்டு நலமாக இருந்தால் யூ.எஸ்.பி. உறையில் போட்டுப் பிரதி வைக்கப் பாவிக்கலாம். எஸ்.எஸ்.டி. தரவை மின்னேற்றமாகப் பிடித்துவைப்பது. மின் கொடுக்காமல், அதுவும் கிழக்கின் வெக்கையில், வருடக்கணக்கில் அலுமாரியில் வைக்க உகந்ததல்ல.

பலன் குறையும் இடங்கள்

ராம் 2 ஜிகாபைட் மட்டும் என்றால் எஸ்.எஸ்.டி. தனியே காப்பாற்றாது, குறைந்தது 4, முடிந்தால் 8 ஜிகாபைட் ஆக்கவேண்டும். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அவற்றில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நிறுவினால் இணையப் பாடமும் ஆவண வேலையும் தடையின்றி நடக்கும், யூனிகோட் தமிழும் ஒழுங்காக வரும். சாட்டாவுக்கு முந்தைய ஐ.டி.இ. இணைப்புள்ள கணினிக்கு மட்டும் இந்தச் செலவைச் செய்யவேண்டாம்.