விரல் மொளியில் தெரியும் நுரையீரல் நோய்: டெர்மடோமயோசைட்டிஸும் முதல்நிலை மருத்துவமும்

2024 பிப்ரவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடிகை சுஹானி பட்நாகர் 19 வயதில் இறந்தார். 2016இல் வெளிவந்த ‘தங்கல்’ படத்தில் சிறுமி பபிதாவாக நடித்தவர் அவர். கை வீக்கத்தில் தொடங்கிய நோய் டெர்மடோமயோசைட்டிஸ் என்று கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டு சிகிச்சையில் எதிர்ப்பாற்றல் குறைந்து தொற்று ஏற்பட்டதாகவும், நுரையீரல் பாதிக்கப்பட்டு நீர் கோத்ததாகவும் பெற்றோர் ஊடகங்களிடம் கூறினர்.

உடலின் எதிர்ப்பாற்றலே தோலையும் தசையையும் தாக்கும் அரிய அழற்சி நோய் இது. கண்ணிமையில் ஊதா நிறம் படரும்; விரல் மொளிகளின் மேல் தடித்த திட்டுகள் எழும்; தொடையும் தோளும் தளரும். பாடநூல்களும் இதைத் தோல், தசை என்ற இரண்டு தலைப்புகளில்தான் முதலில் விவரிக்கின்றன. ஆனால் நோயாளியின் ஆயுளைப் பல நேரங்களில் தீர்மானிப்பது நுரையீரல். ஆகவே முதல் நாளிலிருந்தே இதை நுரையீரல் நோயாகவும் கருதிச் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நுரையீரலுக்குக் கேடு பல வழிகளில் வருகிறது. காற்றறைகளுக்கு இடைப்பட்ட திசு அழற்சியுற்றுத் தடித்துப்போவது முதன்மையானது. விழுங்கும் தசை தளர்ந்தால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். மூச்சுத் தசைகளே சோர்ந்துபோவதும் உண்டு. சிகிச்சை மருந்துகள் எதிர்ப்பாற்றலை அடக்குவதால் தொற்றுகள் நுழைகின்றன. இந்த நான்கும் ஒரே நோயாளியிடம் கலந்து வரும்போது இருமலின் காரணத்தைப் பிரித்தறிவது கடினம்.

மிகக் கொடியது இந்நோயின் ஒரு தனி வகை. ஜப்பானின் ஷின்ஜி சாட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் அவ்வகை நோயாளிகளிடம் ஒரு புதிய எதிர்ப்பொருளை விவரித்தார்கள். அது குறிவைப்பது வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணரும் எம்.டி.ஏ.5 என்ற புரதத்தை என்பது 2009இல் தெளிவானது. இவ்வகை நோயாளிகள் பலருக்குத் தசைத் தளர்ச்சி மிகக் குறைவு, தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. ரத்த அளவும் இயல்பாகவே இருக்கக்கூடும். அந்த அறிக்கையைப் பார்த்து மருத்துவர் நிம்மதியடையும் வேளையில், நுரையீரல் சில வாரங்களிலேயே செயலிழக்கலாம். எச்சரிக்கை தோலில்தான் இருக்கிறது: உள்ளங்கைப் பக்கம் வலிக்கும் சிறு பருக்கள், மொளிகளில் ஆழ்ந்த புண், வாய்ப்புண், முடி உதிர்வு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2011இல் இத்தோற்றத்தைத் தொகுத்து எழுதினார்கள்.

விரைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020இல் வெளியான ஜப்பானிய ஆய்வு சான்று. இவ்வகை நோயாளிகளுக்கு உயர் அளவு ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஆகிய எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் மூன்றையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தபோது ஆறு மாதம் கடந்து உயிரோடிருந்தவர்கள் 89 விழுக்காடு. படிப்படியாக மருந்தைக் கூட்டிய முந்தைய நோயாளிகளில் அது 33 விழுக்காடுதான். சிறிய ஆய்வு, பழைய பதிவுகளோடு செய்த ஒப்பீடு என்ற குறைகள் இதற்கு உண்டு. ஆயினும் வேறுபாட்டின் அளவு அலட்சியம் செய்யத்தக்கதன்று.

இந்த வாதத்தைத் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வூர் அமைந்த திருவள்ளூர் மாவட்டம் காசநோய் ஆய்வின் வரலாற்றில் இடம்பெற்ற மண். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இப்பகுதியில்தான் 1968இல் மாபெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று உலகுக்குச் சொன்ன ஆய்வு அது. இங்கே இருமலும் காய்ச்சலும் உடல் மெலிவும் வந்தால் மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது சரியே. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் அந்த ஒரே எண்ணத்தில் நிற்பதுதான் ஆபத்து. மறுபுறம், காசநோயைத் தேடாமல் ஸ்டீராய்டு தொடங்கினால் உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். இரண்டு தேடல்களும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

தோலின் நிறமும் உழைப்பும் இன்னொரு தடை. பாடநூல் படத்தில் பளிச்சென்று தெரியும் ஊதாச் சிவப்பு, கறுத்த தோலில் வெறும் கருமையாகத் தெரியும். கழனியில் வேலை செய்பவரின் மொளித் திட்டைக் காய்ப்பு என்றும், முகத் தடிப்பை வெயில் அலர்ஜி என்றும் எண்ணிக் களிம்பு வாங்கிப் பூசுவது இயல்பு.

இவ்வளவு அரிய நோய்க்காக ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்மேல் சுமையேற்றலாமா என்ற மறுப்பு எழும். எல்லாருக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அம்மறுப்பு நியாயம். ஆனால் இங்கே தேவைப்படுவது சில நிமிடங்கள்தான். தோல் தடிப்போடு வருபவரின் விரல் மொளியையும் உள்ளங்கையையும் கண்ணிமையையும் வெளிச்சத்தில் பார்ப்பது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்பது. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சை உள்ளிழுக்கும்போது வெடிப்பொலி கேட்கிறதா என்று கவனிப்பது. ஆறு நிமிடம் நடக்க வைத்து பல்ஸ் ஆக்சிமீட்டரில் அளவு இறங்குகிறதா என்று காண்பது. கொரோனா காலத்தில் பரவலான அந்தச் சிறு கருவி இதற்குப் போதும். உட்கார்ந்திருக்கையில் சரியாக இருக்கும் ஆக்சிஜன் நடக்கையில் இறங்குமானால் அது காத்திருக்கும் நேரமன்று.

அடுத்த கட்டத்துக்கு வழி இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வாதநோய்த் துறைகள் இயங்குகின்றன. எனவே பரிந்துரைச் சீட்டில் ‘தோல் அலர்ஜி’ என்று மட்டும் எழுதி அனுப்பாமல், மொளித் திட்டு, நடந்த பின் ஆக்சிஜன் அளவு, சளிப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுவதை வழக்கமாக்க வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே செல்கிறார்கள். ஆறாத கைத்தடிப்போடு மூச்சுவாங்கலும் உள்ளவரை மருத்துவரிடம் அனுப்பும் பயிற்சியை அவர்களுக்கும் அளித்தால், நோய் கண்டறியப்படும் முன் வீணாகும் வாரங்களை மீட்கலாம்.