விரல் நீட்டும் டிரைவர்

ஜப்பானுக்குப் போனால் ரயிலின் முதல் பெட்டியில் ஏறுங்கள். டிரைவர் அறையைக் கண்ணாடி வழியே எட்டிப் பாருங்கள். வெள்ளைக் கையுறை போட்ட மனிதர் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். சிக்னல் தெரிந்தால் விரலை நீட்டி, 'செல்லலாம்!' என்பார். கடிகாரத்துக்கு ஒரு விரல். கால அட்டவணைக்கு ஒரு விரல். பக்கத்தில் ஈ காக்கா இருக்காது!

சிரிக்காதீர்கள். இதற்கு 'ஷிசா கன்கோ' என்று பெயர். சுட்டிக் கூவுதல். 1900களின் தொடக்கத்தில், நீராவி எஞ்சின் காலத்தில் வந்த பழக்கம். டிரைவர் சிக்னலைச் சத்தமாகச் சொல்வார், கரி அள்ளிப் போடுகிறவர் திருப்பிச் சொல்வார். விரல் பிற்பாடு சேர்ந்துகொண்டது.

எதற்கு இதெல்லாம்? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வந்ததும், 'பூட்டினோமா?' என்று உங்களுக்குச் சந்தேகம் வருமில்லையா, அதற்குத்தான். கை பூட்டியது, மனசு வேறெங்கோ இருந்தது. கண், கை, வாய், காது நாலையும் ஒரே வேலையில் இழுத்துவிட்டால் மனசும் வந்துதானே ஆகவேண்டும்? 1994-ல் ஜப்பான் ரயில்வே ஆராய்ச்சி நிலையம் சோதித்துப் பார்த்தது. நூறு செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிக் கூவியபோது 0.38 ஆகக் குறைந்தது.

ஒரு சிக்னலைத் தவறவிட்டால் என்ன ஆகும்? 1962 மே 3. டோக்கியோவின் மிகாவாஷிமா. சரக்கு ரயில் ஒன்று சிவப்பைத் தாண்டித் தடம்புரண்டது. பயணிகள் ரயில் அதில் மோதியது. தப்பித்துத் தண்டவாளத்தில் இறங்கி நடந்தவர்கள் மீது எதிர்த்திசையில் இன்னொரு ரயில். 160 பேர் செத்துப்போனார்கள்.

அப்படியானால் விரல் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுமா? அங்கேதான் சிக்கல். 2005 ஏப்ரல் 25, அமகசாகி. டிரைவருக்கு வயது 23. முந்தைய ஸ்டேஷனில் 72 மீட்டர் தாண்டிப்போய் நிறுத்தியதில் ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவான தாமதம். தவறு செய்த டிரைவர்களுக்கு 'மறுபயிற்சி' என்ற பெயரில் அவமானம் காத்திருந்தது: அறிக்கை மேல் அறிக்கை, புல் பிடுங்கும் வேலை. கண்டக்டர் ரேடியோவில் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதிலேயே அவர் காது இருந்திருக்கலாம் என்றது 2007-ல் வந்த விசாரணை அறிக்கை. 70 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பவேண்டிய வளைவில் ரயில் 116-ல் போனது. டிரைவரையும் சேர்த்து 107 உயிர்கள்.

விரல் நீட்ட அவருக்கும் கற்றுக்கொடுத்துத்தான் இருந்தார்கள். மறதியை விரட்ட விரல் போதும். பயத்தை விரட்ட? அது மேலதிகாரிகள் செய்திருக்க வேண்டிய வேலை.